முகத்துவாரத்தில் மூன்று பள்ளங்கள்

மட்டக்களப்பில் நடந்த, இனி நடக்கப்போகும் குற்றங்கள் அனைத்தையும் துலக்க இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையின் இரண்டு கண்களே போதும். அவரே சொல்லியிருக்கிறார். எழுதி வைப்பது மறதிக்காரரின் வேலை என்றும் சொல்லியிருக்கிறார்.

1960 மே 24, செவ்வாய். காலை 8.00. முகத்துவாரத்தில் கடல்மட்டம் அளக்கும் அறை. குழாய்க்குள் மிதவை ஏறி இறங்க, உருளையில் சுற்றிய தாளில் பேனா கோடு கீறும். வழக்கமாகச் சாதுவான கோடு. அன்று விடியற்காலையிலிருந்து அரிவாள் பல்லாக நெளிந்திருந்தது. சோதனைக்கு வந்த மேலதிகாரி தாளைக் கழற்றித் தன் பெட்டியில் பூட்டினார். அறைச் சாவி பொறுப்பாளர் நல்லரத்தினத்திடம் மட்டுமே. ஆகவே மிதவையை ஆட்டியவர் அவர்தான் என்பது மேலதிகாரியின் முடிவு. பின்னேரத்துக்குள் வேலை போய்விடும். பொலிசுக்கும் ஆள் போனது.

9.15. பொலிஸ் நிலையம். வானொலி ஞாயிறன்று சிலி நாட்டில் நடந்த பூமியதிர்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. தோணிக்காரர் ஆதம்பாவா முறைப்பாட்டோடு வந்தார். முகத்துவாரக் கரையில் மிதந்த தோணியை எவனோ மூன்று தரம் தரைதட்ட வைத்தானாம். புதுக் கைக்கடிகாரம் கட்டியிருந்தபடியால் நேரங்களையும் ஒப்புவித்தார்: 6.10, 6.50, 7.30. கான்ஸ்டபிள் முனாப் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"தோணியும் உங்களோட பகிடி விடுது காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சிரித்தபடி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார்.

10.00. அளவு அறை. பூட்டில் கீறல் இல்லை. கடலில் நுரைகூட இல்லை. புதுத் தாள் சுழன்றுகொண்டிருந்தது. நல்லரத்தினம் பதினொரு வருடமாகத் தினமும் வானொலி மணி கேட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் நேரம் குறிப்பவர்.

"பள்ளிக்கூடத்தில மாதிரிக் கடலுக்கு இடாப்புக் கூப்பிடுறீரோ?" என்றார் இன்ஸ்பெக்டர். "மிதவைய ஆட்டினீரா?"

"இல்ல ஐயா."

"மறுகா ஆர் ஆட்டின?"

"கடல்."

மேலதிகாரி சிரித்தபடி பெட்டியைத் திறந்து தாளை நீட்டினார். அதில் ஆழமான பள்ளங்கள் மூன்று: 6.10, 6.50, 7.30.

இன்ஸ்பெக்டர் மூன்று பள்ளங்களையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துவர ஜீப்பை அனுப்பினார்.

10.40. தாளும் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில். இன்ஸ்பெக்டர் மேலதிகாரியிடம் திரும்பினார்.

"தாள் எட்டு மணிக்கே உங்கட பெட்டிக்குள்ள. முறைப்பாடு ஒம்பதே காலுக்கு. ஒண்ட ஒண்டு கண்டதில்ல. இவர் குழாய்க்குள்ள மிதவைய ஆட்டினா, வெளியில ஆதம்பாவாட தோணி ஏன் தரைதட்டுது? குற்றவாளி, காலம்பற ரேடியோ சொன்ன சிலி நாட்டுப் பூமியதிர்ச்சி. ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்ட அலை இண்டைக்கு விடியத்தான் வந்து சேர்ந்திருக்கு."

கைது செய்ய முடியாதது அவருக்கு வருத்தம். பாதி உலகத்தைக் கடந்து, ஒரு சாண் உயரமாக மெலிந்து, ஊரே கவனிக்காமல் வந்த அலை. அந்தப் பேனாவும் ஒரு தோணியும் மட்டுமே அதைத் தவறவிடவில்லை. மேலதிகாரி தாளை இரண்டு கையாலும் நல்லரத்தினத்திடம் கொடுத்து, நாளைக்கும் வழக்கம்போலக் குறிக்கச் சொன்னார்.

எல்லோரும் வெளியேறினார்கள். இன்ஸ்பெக்டர் கடைசி. வாசலை ஒருமுறை பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, புதுத் தாளின் ஓரத்தில் மெல்லக் குறித்தார்: 10.55.