இனம் பதியாத மாடுகள்

இந்தப் பூமியில் எவருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லாத கடைசி மனிதன் தான்தான் என்று தவரூபன் காலையில் அறிவித்தான். கேட்டிருந்தவர்கள் அவன் மனைவி யோகராணியும் முப்பத்தொரு மாடுகளும். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

யோகராணி மூத்த பசுவின் கொம்பில் வெற்றிலைப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எதிரிக்குச் சீர்வரிசையா?”

“மேய்க்கிற மனிசனுக்கு வெத்திலை.”

“அவன்ட முகம் தெரியுமா உனக்கு?”

“மாடு முழுசாத் திரும்பி வருது. எனக்கு அதுவே காணும்.”

மாடுகள் எல்லை வேலி வாசலின் மின்படலைக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. தவரூபன் பத்தடி தள்ளி நின்றுகொண்டான். இனம் பதிந்த அவன் மணிக்கட்டுச் சில்லைப் படலை வாசித்தால் அலறும்; காவல் இயந்திரத் தும்பிகள் பறந்து வரும். கலவரத்துக்குப் பிறகு இரண்டு இனத்துக்கும் நடுவே வந்த ஏற்பாடு அது. புல் அந்தப் பக்கம் போயிற்று, பட்டி இந்தப் பக்கம் நின்றது. நூற்றைம்பது மாடு முப்பத்தொன்றானது அப்படித்தான். மிச்சம் பிழைத்ததற்கு ஒரே காரணம், சட்டம் எழுதிய அறிஞர்கள் மாட்டுக்கு இனம் ஒதுக்க மறந்துபோனதுதான். மாடு போகலாம், மனிதன் போகக்கூடாது. அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் நாள் முழுக்க மேய்த்து, பொழுதுசாயத் திருப்பிவிடுவார்.

அன்று மாலை முப்பதுதான் வந்தன. தலையீற்றுச் சினையாயிருந்த சிவலைப் பசுவைக் காணவில்லை.

“அறுத்துத் தின்டிருப்பானுகள்,” என்றான் தவரூபன். “தின்டுட்டு, நீ அனுப்பின வெத்திலையையும் போட்டிருப்பானுகள்.”

“அவளுக்கு நாள் கிட்டிட்டு. ஈன்டிருப்பாள்.”

“கன்று குறுக்க நின்டா?”

தாயும் போகும், கன்றும் போகும் என்பது இருவருக்கும் தெரியும். படலையின் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது, மாடுகளுக்காக.

விடிந்ததும் சிவலை வந்தாள். பின்னால் ஒரு கிடாரிக்கன்று தள்ளாடி வந்தது. தவரூபன் குந்தியிருந்து பார்த்தான். கன்றின் முன்னங்கால்களில் கயிற்றுத் தடம். கொப்பூழில் மஞ்சள் பூசி, உடுத்த சாரத்தின் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தது. சிவலையின் முதுகில், பனிக்குப் போர்த்திய சாக்கு.

“குறுக்கத்தான் நின்டிருக்கு,” என்றான் மெதுவாக. “கைவிட்டுத் திருப்பி எடுத்திருக்கார். கண்ணே மூடியிருக்க மாட்டார்.”

“ஆரு?”

“தெரியல்ல.”

கன்று எடுத்தவருக்கே, ஈன்றதும் கறக்கும் முதல் கடும்புப்பால் என்பது பட்டிக்காரர் வழக்கம். யோகராணி கிணற்றடிக்குப் போகும்வரை தவரூபன் மாட்டுக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கறந்தான். மூடியுள்ள தகரப்பேணியில் ஊற்றி, தன் தோள் துவாயால் மூத்த பசுவின் கழுத்தில் கட்டினான். பால் தளும்பாமல் பேணியின் அடியில் கையைக் கொடுத்தபடி கூடவே நடந்தான், படலை அலறும்வரை.