இரண்டு வரித் தீர்ப்பு

வெள்ளிக்கிழமைகளில் நீதிபதி எஸ்தர் செல்லக்கனி அந்த வாரத்து வழக்குகளை மறந்துவிட்டுத்தான் சட்டக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போவார். மதுரை நீதிமன்றத்தின் பின்னறையில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. உதவியாளர் பஷீர் அவர் தலையில் நினைவுநீக்கியைப் பொருத்துவார். ஒரு டீ ஆறுகிற நேரம்தான். எழும்போது யார் வந்தார்கள், யாருக்கு என்ன தீர்ப்பளித்தார் என்பது எதுவும் நினைவில் இருக்காது.

"கண்ணு எரியுதே பஷீர். இன்னைக்கு அழுதேனா?"

"அதை நான் சொல்லக் கூடாதே மேடம்," என்று அவர் டீயை நீட்டினார்.

ஒரு வழக்கின் கோபமோ இரக்கமோ அடுத்த வழக்கில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. அச்சாகும் தீர்ப்புகளில் நீதிபதியின் பெயர் இருக்காது. யாராவது நினைவூட்டிவிட்டால் நீதிபதி அதைத் தெரிவிக்க வேண்டும். அந்த நினைவும் நீக்கப்படும்.

அன்று வகுப்பில், ஆண்டுதோறும் நடத்தும் ஒரு தீர்ப்பைப் படித்தார். பிரிந்துபோன பெற்றோர், எட்டு வயது மகள். 'தந்தையின் வீடு பள்ளிக்கு அருகில் உள்ளது. எனவே குழந்தை தந்தையிடம் வளரட்டும்.'

"ரெண்டே வரி. பெத்த தாய்கிட்ட இருந்து பிள்ளையைப் பிரிக்க இவர் கண்டுபிடிச்ச காரணம் இதுதான். சரியான காரணம் சொல்லாத தீர்ப்பு எப்படி இருக்கும்னு பார்த்துக்கிடுங்க. பசியில எழுதியிருப்பாரு போல."

வகுப்பு சிரித்தது. வழக்கமாகச் சிரிக்கிற இடம்தான். முதல் வரிசையில் இருந்த மாணவி முகிலி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அவள் மேசையருகே வந்து நின்றாள்.

"மேடம், அந்தப் பொண்ணு நான்தான்."

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ, தெரியாமப் பேசிட்டேனேம்மா."

"அதை எழுதினது நீங்கதான் மேடம். சொன்னாலும் உங்ககிட்ட நிக்காதுன்னு தெரியும். ஆனா எல்லாரும் சிரிச்சப்ப தாங்க முடியல."

முகிலி தொடர்ந்தாள்.

"என்னை உங்க ரூமுக்குக் கூப்பிட்டு, யாருகூட இருக்கணும்னு கேட்டீங்க. அப்பாகூடன்னு சொல்லிட்டேன். அப்புறம் அழுதேன். நான்தான் அப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க, சொல்லிடாதீங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க ரொம்ப நேரம் யோசிச்சீங்க. கடைசியில, 'அப்பா வீட்டுக்குப் பக்கத்துல ஸ்கூல் இருக்கா பாப்பா?'ன்னு கேட்டீங்க."

எஸ்தர் அந்த இரண்டு வரிகளையும் மறுபடி படித்தார். இத்தனை வருடம் வகுப்பெடுத்ததில், அவற்றை எழுதியவரை ஒரு நாளும் அவருக்குப் பிடித்ததில்லை.

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. லீவு விட்டா அவங்க வீட்லதான் கிடப்பேன். இன்னைக்கும் அந்த ஜட்ஜைத்தான் திட்டுவாங்க. என்மேல ஒரு நாளும் கோபப்பட்டதில்ல."

"திட்டட்டும்," என்றார் எஸ்தர். "நீ ஒண்ணும் சொல்லிடாத."

விதிப்படி எஸ்தர் இதைத் தெரிவித்தே ஆகவேண்டும். நீதிமன்றம் திங்கட்கிழமை திறந்ததும் முகிலி சொன்ன அத்தனையும் போய்விடும். அடுத்த வருடம் வேறொரு வகுப்பில் இதே தீர்ப்பைப் படித்து, இதே இடத்தில் சிரிக்க வைப்பார்.

கல்லூரிக் காவலர் வந்து எட்டிப் பார்த்தார். அறையைப் பூட்ட வேண்டுமாம்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே," என்றார் எஸ்தர். ஒரு நாற்காலியை இழுத்து முகிலியை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல இருந்து சொல்லு."