நான்காம் அறையின் சிவப்புக் கயிறு

“கீழ விழுந்தவங்க இழுக்கறதுக்குத்தானே இந்தக் கயிறு? அப்புறம் ஏன் கூரைக்கிட்ட கட்டி வெச்சிருக்கீங்க?”

போன ஏப்ரலில், நான்காம் அறையின் குளியலறை வாசலில் நின்று ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். ஆறு வயது, சொலேன் என்று பெயர். சக்கர நாற்காலியில் இருந்த அவளுடைய அம்மா, பெண்ணை அதட்டுவதா, தானும் சேர்ந்து கேட்பதா என்று தெரியாமல் சங்கடமாகச் சிரித்தாள். விடுதியின் நிர்வாகி ஒதீல் ஃப்ரெசாஞ்ச் அசரவில்லை.

“விழாம இருந்தா இழுக்கவே வேண்டாம், செல்லம்.”

அந்தப் பதிலை ஒதீல் ஆறு மாதமாகப் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ரொட்டிக் கடையில் சொன்னாள், தங்கையிடம் தொலைபேசியில் சொன்னாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இதலினா, அறைகளைச் சுத்தம் செய்கிறவள், போர்த்துகலிலிருந்து வந்து இருபது வருடமாக இந்த க்ளெர்மோன்-ஃபெரான் நகரத்தில் இருப்பவள்.

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் கறுப்புக் கல்லால் கட்டிய மூன்று மாடி விடுதி அது. வாசலில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகை தொங்கும், அதற்குக் கீழே மலிவான வாடகை எழுதியிருக்கும். சட்டம் கேட்கிறது என்பதற்காக ஒரே ஓர் அறை, தரைத்தளத்தில் நடைவழியின் கோடியில், அப்படிப்பட்டவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. ‘அப்படிப்பட்டவர்கள்’ என்பது ஒதீலின் சொல். குளியலறையைப் பாதி நேரம் ஈரமாக்கி வைப்பவர்கள், காலை உணவுக்கு வர அரைமணி எடுத்துக்கொள்பவர்கள், கதவைப் பிடித்தால் நன்றி சொல்லி மாளாதவர்கள், பிடிக்காவிட்டால் புகார் எழுதுகிறவர்கள். மலிவான அறையில் படுத்துக்கொண்டு மாளிகை மரியாதை கேட்கிறவர்கள்.

குளியலறையில் கூரையிலிருந்து தரைவரை ஒரு சிவப்புக் கயிறு தொங்க வேண்டும். நுனியில் முக்கோணப் பிடி. அதை இழுத்தால் வரவேற்பு மேசையில் மணி அலறும். தரை துடைக்கும்போது இதலினாவின் துடைப்பான் அதில் மூன்று முறை சிக்கியது. மூன்று முறையும் ஒதீல் மூச்சிரைக்க ஓடினாள். நான்காம் நாள் ஏணியில் ஏறி, கயிற்றைச் சுருட்டி, கூரைக்கு ஒரு சாண் கீழே இரண்டு முடிச்சுப் போட்டாள். சோதனைக் குழு வருகிற அன்று அவிழ்ப்பாள், அவர்கள் தெருமுனை திரும்பியதும் கட்டுவாள். எல்லா விடுதியிலும் இதுதான் வழக்கம் என்பது அவள் கட்சி. அந்தக் குளியலறை விளக்கையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஆள் அசைந்தால் எரியும், அசைவு நின்றால் மூன்றே நிமிடத்தில் அணையும்படி மாற்றி வைத்திருந்தாள்.

செப்டம்பரில் முசியே வோசேல் வந்தார். மலைக் கிராமம் ஒன்றில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மருத்துவமனைக்காக மூன்று நாள் தங்க வந்திருந்தார். ரப்பர் முனை வைத்த இரண்டு ஊன்றுகோல்கள், உடம்பெல்லாம் கற்பூரத் தைல வாசனை, ஒரு கணமும் நிற்காமல் நடுங்கும் கைகள். இரண்டாம் நாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவ முயன்ற அவருடைய கத்தி தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் தாங்காமல் ஒதீல் வெடுக்கென்று ரொட்டியைப் பிடுங்கி, வெண்ணெய் தடவி, பழப்பாகும் பூசி, அவர் முன்னால் வைத்தாள்.

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன.

“இதுக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன், மதாம். ஒரு நாள் திருப்பிச் செஞ்சுடுவேன்.”

“முதல்ல சட்டையில சிந்தாம சாப்பிடுங்க, முசியே.”

எரிச்சலில் செய்ததுதான். ஆனாலும் பசித்தவன் வாய்க்கு ரொட்டி போய்ச் சேர்ந்தது. மேலே இருந்து பார்க்கிறவர் அதையும் பார்த்திருப்பார்.

அன்று மாலை நான்காம் அறைப் பக்கமிருந்து சுவர்க் குழாயில் ஒரு சத்தம் கேட்டது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. பழைய குழாய் என்று ஒதீல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வானொலியைப் பெரிதாக வைத்தாள். செப்டம்பரில் கொதிகலன் ஓடுவதில்லை, ஓடாத குழாய் தட்டாது என்பது அவளுக்குத் தெரியும். சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்புறம் நின்றது.

காலையில் இதலினாதான் அவரைப் பார்த்தாள். கன்னம் குளியலறைத் தரையோடு ஒட்டியிருந்தது, கையில் ஊன்றுகோல். அந்த ஊரில் ஆம்புலன்ஸ் வேலையும் பார்க்கிற தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கிப் போவதற்குள் ஒதீல் ஏணியில் ஏறி இரண்டு முடிச்சையும் அவிழ்த்துவிட்டாள். “மணி அடிக்கவே இல்லீங்க. பாவம், விழுந்ததுமே போயிருப்பாரு,” என்றாள் அவர்களிடம். முதல் வாக்கியம் உண்மை. வாளியோடு வாசலில் நின்ற இதலினா எல்லாவற்றையும் பார்த்தாள். அடுத்த வாரம் கயிறு மறுபடி கூரைக்குப் போனது.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர்கள் திருநாள், கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாள், அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான்கு மணிக்கு இதலினா மேலங்கி போட்டுக்கொண்டு, மஞ்சள் சாமந்தித் தொட்டி ஒன்றை இடுப்பில் அணைத்தபடி வரவேற்பு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“யாருக்கு இது? உன் ஆளுங்க எல்லாம் போர்த்துகல்லதானே புதைஞ்சிருக்காங்க?”

“முசியே வோசேலுக்கு, மதாம். அவருக்குன்னு யாரும் இல்லை. ஊர்ச் செலவுலதான் அடக்கம் பண்ணாங்க.”

“அடேயப்பா! மூணு நாள் தங்க வந்த ஆளுக்குப் பூத்தொட்டியா? நான் செத்தா எனக்கு ஒரு காட்டையே கொண்டு வருவே போலிருக்கே.”

“உங்களுக்கும் கொண்டு வருவேன், மதாம்.” இதலினா கேலியாகச் சொல்லவில்லை. “நாளைக்கு, ஏப்ரல்ல வந்த அந்தச் சின்னப் பொண்ணும் அவங்க அம்மாவும் மறுபடி வர்றாங்க. நாலாம் நம்பர்தான். இந்தத் தடவையாவது கயித்தை அவுத்து விட்டுடுங்களேன்.”

“உன் துடைப்பான் ஒழுங்கா இருந்தா நான் ஏன் கட்டப்போறேன்?”

“நான் இப்பல்லாம் கையாலதான் துடைக்கறேன். மண்டி போட்டு.”

“அதுவும் நல்லதுதான். ஜெபமும் அப்படியே முடிஞ்சிடும்.”

இதலினா கோபப்படவில்லை. கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்த்து, “ஏழு மணிக்கு வந்து படுக்கை விரிச்சுடறேன். அடுப்புல சூப் வெச்சிருக்கேன், ஆறிடறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்காமலே இதலினா கொடுக்கிற சூப்பில் எப்போதும் ஏதோ கண்டனம் கலந்திருப்பதாக ஒதீலுக்குத் தோன்றும். அவள் அதைத் தொடவில்லை.

தங்கியிருந்த மூன்று பேரும் வெளியே போயிருந்தார்கள். கொதிகலன் வெள்ளிக்கிழமையே பழுதாகியிருந்தது, பழுது பார்ப்பவன் செவ்வாய்தான் வருவான். ஐந்து மணிக்கெல்லாம் தெருவில் வெளிச்சம் சாம்பலாகி, எதிர்வீட்டுக் கறுப்புச் சுவரும் வானமும் ஒன்றாகிப் போக, ஆறுகிற சூப்பின் வெங்காயத்தாள் வாசனை சமையலறையிலிருந்து மெல்ல வந்து மேசையைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய முழங்காலை ஒட்டிப் போகும் சுவர்க் குழாயில், மிக மெதுவாக, யாரோ உள்ளிருந்து அனுமதி கேட்பதுபோல, அந்தச் சத்தம் வந்தது.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

குழாயில் கை வைத்தாள். பச்சைத் தண்ணீர்போலச் சில்லிட்டிருந்தது. உள்ளங்கைக்குள்ளேயே அடுத்த மூன்று தட்டும் அதிர்ந்தன.

“எலி,” என்று உரக்கச் சொன்னாள். வானொலியைத் திருகிப் பெரிதாக்கினாள். எவனோ பந்தயம் ஒன்றைக் கத்திக் கத்தி வர்ணித்தான். அவன் மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் தட்டு கேட்டது. செப்டம்பரிலும் இப்படித்தான் கேட்டது. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. இதலினாவின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். பூத்தொட்டியும் சூப்புமாக நடித்துவிட்டு, பின்கதவால் நுழைந்து, எதையாவது குழாயில் கட்டிவிட்டுப் போயிருப்பாள். பக்திமான்கள் செய்யாத சூழ்ச்சி உண்டா? சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். கைபேசி மேசையிலேயே கிடந்தது.

நடைவழியில் பத்தடி போனதும் தட்டு நின்றது.

நான்காம் அறைக்குள் கற்பூரத் தைலம் மணத்தது. லேசாகத்தான். குளியலறைக் கதவைத் தள்ளியதும் விளக்கு எரிந்தது. காலையில் துடைத்த தரை இன்னும் காயவில்லை, அந்த ஈரத்தில் வட்ட வட்டமாகத் தடங்கள் இருந்தன. ஜோடி ஜோடியாக. இரண்டு யூரோ நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டங்கள், கதவிலிருந்து கிளம்பி, குழாயிடம் போய் முடிந்திருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு முடிச்சில் ஒன்று அவிழ்ந்திருந்தது. கயிறு ஒரு முழம் இறங்கி, காற்றே இல்லாத அறையில் ஆடிக்கொண்டிருந்தது.

“கோழை,” என்றாள் ஒதீல், இதலினாவை. “முழுசா அவுக்கக்கூட தைரியம் இல்லை.”

ஏணியை எடுத்துவர மனமில்லை. குளிப்பவர்கள் உட்காருவதற்காகச் சுவரில் மடக்கி வைத்த பலகை இருந்தது. அதை விரித்து அதன்மேல் ஏறி நின்றாள். அது உட்காரத்தான், ஏறி நிற்க அல்ல என்று அவளே ஒட்டிய காகிதம் பக்கத்துச் சுவரில் இருந்தது. கயிற்றை இழுத்துச் சுருட்டினாள். ஒரு முடிச்சு. இரண்டு. வீம்புக்கு மூன்றாவதாக ஒன்று, பல்லைக் கடித்து இறுக்கினாள்.

பலகை முறிந்தது.

இடுப்புக்குள் ஏதோ காய்ந்த சுள்ளிபோல ஒடிந்த சத்தம் முதலில் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. கத்தினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நடைவழிக்கு அப்பால் வானொலியின் பந்தய வர்ணனையாளன் அவளைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தான்.

கன்னத்துக்குக் கீழே தரை ஓடு சில்லிட்டது. நகர முடியவில்லை. மேலே, மிக மேலே, மூன்று முடிச்சுடன் சிவப்புப் பிடி தெரிந்தது. கீழேயிருந்து பார்த்தால் அது இவ்வளவு உயரம் என்பதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆறு வயதுப் பெண் பார்த்திருந்தாள்.

விளக்கு அணைந்தது.

கையைத் தூக்கி ஆட்டினாள். எரிந்தது. மூன்று நிமிடம். அணைந்தது. ஆட்டினாள். ஒவ்வொரு முறையும் இடுப்பில் கத்தி இறங்கியது. ஐந்தாவது முறை கை எழும்பவில்லை.

இருட்டில் செருப்பைக் கழற்றினாள். கழுவுதொட்டியின் மறைவில், விளக்கின் கண் படாத இடத்தில், குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டினாள். மூன்று தட்டு. மூச்சு வாங்கினாள். மறுபடி மூன்று தட்டு.

அப்போது தெரிந்தது, முன்பு மேசையருகே கேட்டதும் இதே தட்டுத்தான், விழுந்து கிடப்பவர் உதவிக்குக் கூப்பிடும் தட்டு என்று.

அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

தட்டு நிற்கவில்லை.

பிறகு அதுவும் நின்றது. குழாயருகே ரப்பர் முனை ஒன்று ஓட்டின்மேல் அழுந்தி விலகும் சத்தம். இன்னொன்று. மெதுவாக. அவளை நோக்கி.

“முசியே,” என்றாள். “நான்... எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கு. எனக்குக் கேட்டுச்சு.”

இதுவரை யாரிடமும் சொல்லாதது.

விளக்கு எரிந்தது. அவள் அசையவில்லை.

அறையில் யாருமில்லை. ஆனால் கூரையருகே மூன்றாம் முடிச்சு நெகிழ்ந்துகொண்டிருந்தது. எளிதாக இல்லை. பிடித்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்து. நடுங்கும் விரல்கள் அவிழ்ப்பதுபோல. நெடுநேரம். ஒன்று அவிழ்ந்தது. இன்னும் நெடுநேரம். இரண்டு. கடைசி முடிச்சும் விடுபட்டதும் கயிறு சரசரவென்று இறங்கியது. பிடி அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பிடித்தவர் இப்போதுதான் விட்டதுபோல அது ஈரமாக இருந்தது.

இழுத்தாள்.

தூரத்தில், ஆளில்லாத மேசையில், மணி அலறத் தொடங்கியது. பேராலய மணி ஆறு அடித்தது. ஏழுக்கு இதலினா வருவாள். ஒரு மணி நேரம்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் ஊன்றுகோலைத் தரையில் படுக்க வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு முழங்கால்கள். பிறகு ஒரு கிழவர் ஓட்டின்மேல் மெல்ல மெல்லச் சரிந்து படுக்கும் மூச்சு. தைல வாசனை கழுத்தைத் தொட்டது.

ஒதீல் திரும்பவில்லை. விரலைக்கூட அசைக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டாள். விளக்கு அணைந்துவிட்டால் போதும், எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று எண்ணிக் கிடந்தாள்.

மூன்று நிமிடம் ஆனது. ஆறு ஆனது. பத்து ஆனது.

அவளை ஒட்டி, நிற்காமல், ஏதோ நடுங்கிக்கொண்டே இருந்தது. விளக்கு அணையவே இல்லை.