இரண்டாம் நாற்காலியின் எண்

லுக்குட் ஊர்ப் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் அந்தச் சனிக்கிழமை காலை இருந்தவர்கள்: வாசலை ஒட்டி முதல் நாற்காலியில் ஓய்வுபெறப்போகும் தலைமைக் கிராணி (குமாஸ்தா) வீரமுத்து, மூன்றில் வள்ளிநாயகி, நான்கில் அவளுடைய உயிர்த்தோழி பஞ்சாலை, அலமாரிப் பக்கம் ஐந்தில் ஆறுமுகம். இரண்டாவது காலி. திங்களன்று பெய்த மழையில் அதன் மேல் கூரை ஒழுகவே, அதில் இருந்த ஆறுமுகம் ஐந்துக்கு மாறியிருந்தார். நடுவே ஸ்டூலில், விசாரிக்கச் சொல்லி வள்ளிநாயகி அழைத்து வந்த பழைய போஸ்ட்மாஸ்டர் திருநாவுக்கரசு.

ஆபீஸ்காரர் நான்கு பேரும் சொந்தமாகப் பேஜர் வைத்திருந்தார்கள். எங்கிருந்தும் போன் செய்து அழுத்தும் எண் மட்டுமே அதில் வரும் என்பதால் பஞ்சாலை ஒரு கணக்கு வகுத்திருந்தாள். 33 என்றால் தேத்தண்ணிக்கு வா. 70 என்றால் மேலிடத்து ஆள் இன்று வரவில்லை. 00 என்றால் மன்னித்துவிடு. கடைசி எண், அனுப்பியவரின் நாற்காலி.

வியாழக்கிழமை, தலைமைக் கிராணி வேலைக்கு நேர்முகம். பஸ்ஸுக்கு நின்ற வள்ளிநாயகிக்கு 702 வந்தது. வீடு திரும்பிவிட்டாள். ஆனால் நேர்முகம் எடுக்கும் மேலிடத்து ஆள் வந்திருந்தார். வராதவள் என்று அவள் பெயரை அடித்துவிட்டு, பஞ்சாலை பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

"நான் அனுப்பலைலா, என் மக மேல சத்தியம்!" என்றார் ஆறுமுகம்.

"நம்பரைப் போட்டே அனுப்பியிருக்காரு. இன்னும் என்னா விசாரணை?" என்றாள் பஞ்சாலை.

திருநாவுக்கரசு பேஜரை வாங்கிப் பழைய எண்களைத் தள்ளிப் பார்த்தார். "செவ்வாய் 335. இது யாரு?"

"நான்தான் சார். திங்கள்லேர்ந்து அஞ்சுலதானே உட்காரேன்."

"அப்ப வியாழக்கிழமை மட்டும் எதுக்கு ரெண்டு? நீ ஏம்மா கவனிக்கலை?"

"ரெண்டு வருசப் பழக்கம் ஐயா. ரெண்டுன்னா அண்ணேன்னு நம்பிட்டேன்."

"இடம் மாறினது தெரியாதவங்கதான் ரெண்டைப் போட்டிருக்கணும். வீரமுத்து இங்கேயே இருந்தாரு. போன வாரக் கடைசியிலேர்ந்து நேத்து வரைக்கும் இந்த ஆபீசுக்குள்ள கால் வைக்காதது யாரு?"

தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று லீவு போட்டுக் கெமாஸில் உள்ள தாய் வீட்டுக்குப் போன பஞ்சாலை, மேனேஜர் பங்களாவில் நடந்த நேர்முகத்துக்கு அங்கிருந்து நேரே வந்திருந்தாள்.

வள்ளிநாயகி அவள் பக்கம் திரும்பினாள். "உங்கம்மாவுக்குன்னு ஹார்லிக்ஸ் குடுத்தனுப்பினேனேடி."

பஞ்சாலை கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

தலைமை ஆபீசுக்கு வள்ளிநாயகி கடிதம் எழுதினாள். சாட்சிக்குப் பேஜரையும் உறைக்குள் வைக்கப்போனாள். அது கத்தியது.

004.

இரண்டு முறை படித்தாள். பிறகு, அந்த எண்ணும் அழியாதபடி பேட்டரியைக் கழற்றாமல், உள்ளே போட்டு ஒட்டினாள்.

"பதிவுத் தபால்லயே போகட்டும் ஐயா," என்று போஸ்ட்மாஸ்டரிடம் நீட்டினாள்.