கேலரிக்குப் பின்பக்கம்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து சிமெண்டு லாரி இறக்கியவனுக்கு நிமிர்ந்தாலும் வலி, குனிந்தாலும் வலி. அந்த வலியோடுதான் மகளைச் சர்க்கஸுக்குக் கூட்டிவந்தான். வேறு நாள் கிடையாது. மறுநாள் அவளுடைய பெரியம்மா வந்து அழைத்துப் போகிறாள். தாயில்லாத நாலு வயதுப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மூட்டை தூக்கப் போகிறவனிடம் எத்தனை நாளைக்குத்தான் விட்டுவைப்பார்கள்?

மாலைக் காட்சிக்குப் பாதிக் கூட்டம்தான், எல்லாரும் கீழ் வரிசைகளில். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. கேலரியின் உச்சிப் பலகையில் அப்பனும் மகளும் மட்டும்.

"அப்பா, யானை எங்க?"

"யானையெல்லாம் இப்ப விடமாட்டாங்கடா. பபூன் வருவான் பாரு."

"பெரியம்மா வீட்டுக்கும் பபூன் வருவானா?"

"அப்பா வருவேன். ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை எப்ப வரும்?"

"தூங்கித் தூங்கி எழுந்தா வந்துரும்."

அவள் உடனே கண்ணை இறுக மூடித் திறந்து, "வந்துருச்சா?" என்றாள். அவனால் சிரிக்கவும் முடியவில்லை.

கம்பிமேல் ஒரு பெண் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது இடி இறங்கியது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றுபோனது. கூடாரம் மொத்தமும் கிணற்று இருட்டு. கீழே யாரோ கத்தினார்கள். பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன. முன்பக்கமாக இறங்கினால் பிள்ளை மிதிபடும் என்று தோன்றியது.

"நீ அசையாம உட்காரு. அப்பா பின்னால இறங்கிட்டு உன்னைத் தூக்கிக்கறேன்."

கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி, கேலரிக்குப் பின்பக்கம் இறங்கினான்.

மூட்டை இறக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரி மேலிருந்து கொடுப்பவனை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் தூள் கண்ணில் கொட்டும். முதுகைத் திருப்பிக் கழுத்தைத் தாழ்த்தி 'ம்' என்றால் போதும். பாரம் வந்து உட்காரும், நடையைக் கட்ட வேண்டியதுதான். பதினைந்து வருடப் பழக்கம் இருட்டில் மட்டும் விட்டுப்போகுமா? முதுகைத் திருப்பினான்.

"ம். வாடா."

பாரம் வந்து உட்கார்ந்தது. இரண்டு சின்னக் கால்கள் மார்பில் தொங்கின.

தலைக்கு மேலே ஒரு பெண்குரல், காதோடு பேசுவதுபோல. "அண்ணே, பிள்ளையை அவ அப்பாகிட்ட சேர்த்துருவீங்கல்ல?"

பக்கத்துப் பலகையிலிருந்து யாரோ இரக்கப்பட்டு எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தான்.

"நான்தாம்மா அப்பன்."

அந்தக் குரல் இன்னும் கீழே குனிந்து வந்தது.

"நீங்கதானா? அப்ப சரி. ரொம்ப நாளா தேடிட்டிருந்தா."

கூச்சலில் அதன் அர்த்தம் மனதில் ஏறவில்லை. கூடாரத் துணியைத் தடவித் தடவி வாசல் பக்கம் நடந்தான். பிள்ளையின் கால்கள் ஈரமாக இருந்தன.

"மழை ஒழுகிச்சாடா உன்மேல?"

பதில் இல்லை.

வாயாடிப் பிள்ளை அது. தூக்கத்தில்கூடப் பேசும். டீசல் புகை வாடையை மீறி, புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை மூக்கில் ஏறியது. நாலு எட்டு வைத்ததும் இன்னொன்றும் தெரிந்தது. பாரம் குறைந்துகொண்டே வந்தது. மூட்டை ஓட்டையானால்தான் நடக்க நடக்க எடை குறையும். ஆனால் நெற்றியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகிக்கொண்டே வந்தன.

வாசலில் டார்ச் வெளிச்சம். பாதி கலைந்த வெள்ளைப் பூச்சோடு பபூன் நின்றிருந்தான். அவன் இடுப்பில் ஒரு பிள்ளை.

"அப்பா!"

உச்சிப் பலகையில் அவன் விட்டுவந்த மகள்.

அவன் நின்றுவிட்டான்.

நெற்றியில் விரல்கள் அப்படியே இருந்தன.

"எங்கண்ணே போயிட்டீங்க? பாப்பா மேல தனியா அழுதுட்டிருந்தா. நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"பின்பக்கமா இறங்குனேன்."

பபூனின் குரல் இறங்கியது. "அங்க யாராவது எதையாவது கொடுத்தாங்களா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். ஆட்டும்போது மேலே இருந்ததும் சேர்ந்து ஆடியது.

"ஒண்ணும் பேசாமதானே வாங்குனீங்க?"

'நான்தாம்மா அப்பன்' என்று சொன்னதைச் சொன்னான். பபூன் பிள்ளையை அவன் கையில் திணித்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். "வெறுமனே வாங்கியிருந்தா வாசலோட இறங்கிப் போயிருக்கும். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே."

மகள் அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமில்லை. பொறாமைதான்.

"அப்பா, அந்தப் பாப்பாவை இறக்கி விடு. நான் ஏறணும்."

கையைத் தூக்கித் தடவினான். கழுத்தில் ஈரம் மட்டும்தான் இருந்தது. வீடு வரைக்கும் மகளை இடுப்பிலேயே சுமந்தான். வலி உயிரைப் பிடுங்கியது. கழுத்துக்கு மாற்றப் பார்த்தால், "அங்க இடமில்ல" என்று காலை மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் பஸ் நிற்கும் இடத்தில் பெரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன தம்பி, கழுத்தை இப்படிக் குனிஞ்சு வச்சிருக்கீங்க? நேத்து மூட்டையை இன்னும் இறக்கலையா?"

அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மனசு கேட்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. பிள்ளை இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

இருக்கட்டும் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது நெற்றியில் விரல்கள் அழுந்தின. இதற்குப் பக்கத்தில் எப்படிப் பிள்ளையைப் படுக்க வைப்பது?

"கூட்டிட்டுப் போங்கக்கா," என்றான்.

பஸ் நகர்ந்தபோது மகள் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். முதலில் அவனைப் பார்த்து. பிறகு கண்ணைக் கொஞ்சம் உயர்த்தி, அவன் தலைக்கு மேலே பார்த்து.

"அப்பாவைப் பார்த்துக்கோ," என்றாள் அங்கே இருந்ததிடம்.

திரும்பி வந்து கதவைத் திறந்தான். வீடு காலியாக இருந்தது. பாயில் கிடந்த சின்னத் தலையணை மட்டும் தலை வைத்த இடத்தில் குழிந்திருந்தது. உள்ளே போகும்போது அவன் உடம்பு தானாகவே முழங்காலை மடித்துத் தாழ்ந்தது, மேலே இருக்கிற தலை நிலைப்படியில் இடித்துவிடக் கூடாது என்று.

அழுத்திய விரல்கள் மெல்லத் தளர்ந்தன. ஈரமான கன்னம் ஒன்று அவன் உச்சந்தலையில் சாய்ந்தது.

"அப்பா," என்றது.

அதற்கான பதிலை அவன் கேலரிக்குப் பின்பக்கமே சொல்லிவிட்டிருந்தான். சொந்தப் பிள்ளையைப் பஸ் ஏற்றி அனுப்பியவன், முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு அப்பனாக இருக்கக் கடன்பட்டிருந்தான். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.