கல்குடா ஏற்றுக்கொண்டது

திரையில் கல்குடா என்ற பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது.

டினுஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பச்சைதான். அந்தத் தொலைபேசி நிலையத்தைச் சுனாமி சுவரோடு அள்ளிப் போய் நாலரை வருடம். அங்கே சேவர் கணினியும் இல்லை. அதற்குக் காவலிருந்த அவள் கணவன் ஜொய்சனும் இல்லை. ஒரு நிலையத்தின் சேவர் செயலிழந்து விழுந்தால் அதன் வேலையை எது ஏற்க வேண்டும் என்று மட்டக்களப்பு அலுவலகத்திலிருந்து பட்டியல் போடுவது அவள் வேலை. அந்தப் பட்டியலின் கடைசியில் கிடந்த கல்குடாவை மட்டும் அவள் அழிக்கவேயில்லை.

"கடலுக்குள்ள மீனுக்கா லைன் குடுக்கிறீங்க, அக்கா?" என்று பகிடி பண்ணிவிட்டு, கூட வேலை செய்யும் விஜிதரன் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டான். சண்டை முடிந்த கிழமை, தெருவில் ஆளில்லை. குளிரூட்டியின் இரைச்சலுக்கு அடியில், சிப்பிகள் ஒன்றோடொன்று உரசுவது போன்ற ஒலி, வாவிச் சேற்று மணத்தோடு, சேவர் அலுமாரிகளுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து வந்தது.

வாழைச்சேனை விழுந்தது. கல்குடா ஏற்றது. குருக்கள்மடம் விழுந்தது. அதையும் கல்குடா ஏற்றது. முகாம்களிலிருந்து பிள்ளைகளைத் தேடுகிறவர்களின் அழைப்பெல்லாம் அந்த இல்லாத இடத்தால் போய்க்கொண்டிருந்தது.

மேசைத் தொலைபேசி அடித்தது.

அவளுக்கும் ஜொய்சனுக்கும் இடையில் ஒரு முறை இருந்தது. வேலையை ஏற்கிறவர் "ஏத்திட்டன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அது காதில் விழாமல் மற்றவர் கதிரையை விட்டு எழும்பக் கூடாது. சுனாமி வந்த அன்று, நத்தார் பண்டிகைக்கு மறுநாள் காலை, கல்குடாவிலிருந்து ஜொய்சன் தொலைபேசியில் கேட்டான்: "தண்ணி ஒரு மாதிரிக் கிடக்கு. ஏத்து புள்ள."

"பத்து நிமிசம் இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று இவள் சிரித்தாள்.

அவன் இருந்தான்.

ரிசீவரை எடுத்தாள். தண்ணீர் கொப்பளித்தது. அதற்குள் பொறுமையான ஒரு மூச்சு.

"ஏத்திட்டியா புள்ள?"

வைத்துவிட நினைத்தாள். கை வரவில்லை. நாலரை வருடம். இன்னும் அதே கதிரையில். தனியே.

"ஏத்திட்டன்."

கல்குடா அணைந்தது. ரிசீவருக்குள் கதிரை பின்னால் நகர்ந்தது. ஈரக் காலடிகள். தூரமாகின. நின்றன.

பிறகு படிக்கட்டில் கேட்டன.

முதல் மாடி. இரண்டாம் மாடி. வாசல்.

கதவு திறக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே, அவள் கழற்றி வைத்த செருப்புக்குப் பக்கத்தில், பாசி படிந்த ஒரு சோடி ஆண் செருப்பு. அதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.