சனிக்கிழமை அம்மா

அன்று காலையும் அவள் அடுப்பின் முன் நின்றபடிதான் பாடம் படித்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் மகளின் புத்தகம். மகள் சமையல் மேடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் முன்னறைக் கண்ணாடியில் முகம் பார்த்து மழித்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டுகிறவர். மழிக்காமல் வண்டியில் ஏறமாட்டார்.

"தேனீக்கள் பூக்களைத் தேடி நெடுந்தூரம் பறக்கும். ஏங்க, துண்டு கதவு மேலயே கிடக்குது பாருங்க. கூட்டுக்குத் திரும்பியதும் மற்றத் தேனீக்களுக்கு வழியைச் சொல்லும். பாப்பா, தள்ளி உட்காரு, எண்ணெய் தெறிக்கும். ராணித் தேனீ கூட்டை விட்டு எளிதில் வெளியே போகாது."

"குடுத்து வச்சவ," என்றார் அவர், சோப்பு நுரைக்குள்ளிருந்து. "இன்னொரு தடவை படி."

"எதுக்கு? பரீட்சை உங்களுக்கா?"

"உன் குரலைக் கேட்டுட்டுப் போனா வண்டி மக்கர் பண்றதில்ல."

மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பத் தலை வாரியபடியே வந்த நாத்தனார் சிரித்தாள். சாப்பாட்டைக் கொறிப்பதால் அவளை வீட்டில் எல்லோரும் குருவி என்றே கூப்பிடுவார்கள். "நானும் சின்ன வயசுல அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுவேன். ரேடியோவப் போடுன்னுவான். அண்ணி படிச்சா மட்டும் இனிக்குது."

"நேரமாச்சு, கிளம்புங்க எல்லாரும்," என்று அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

அன்று மத்தியானம் ஒரு நிறுத்தத்தில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிரேக்கை இழுத்துவிட்டார், கதவுகளைத் திறந்துவிட்டார், அப்புறம் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டார். அசந்துவிட்டார் போலிருக்கிறது என்று பயணிகள் கொஞ்ச நேரம் பொறுமையாகக் காத்திருந்தார்களாம்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் காலையில் பாடம் படிக்கும் சத்தம் கேட்கவில்லை. விடியும் முன்பே அவள் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வந்து இறங்கும் சலவைக்கூடம். வெளுத்து, நீராவி இஸ்திரியில் தேய்த்து, மடித்து அடுக்க வேண்டும். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நடந்து வருவார்கள். ஒருத்தி கையிலிருந்ததை மற்றவள் வாங்கிக்கொள்வாள். நாள் முழுக்க அப்படி வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருக்கையில், வீட்டில் தன் கையிலிருந்து நழுவியதை யார் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அவளுக்கு நினைவாக இருக்கும்.

எல்லாவற்றையும் குருவிதான் வாங்கிக்கொண்டாள். குழந்தையை எழுப்புவது, பள்ளியில் விடுவது, சளிக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அவள்தான். முதலில் இவளுக்கு நன்றியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தபோது அது திரிந்து போயிற்று.

"அப்படி இல்லம்மா. அத்தை காதுக்கு மேல இருந்து ஆரம்பிப்பா."

"ஏன், அம்மா பின்னுனா ஜடை இல்லையா?"

"இதுவும் ஜடைதான்," என்றாள் குழந்தை, மனசு நோகக்கூடாதென்று. அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது. பெற்ற தாயிடம் பிள்ளைக்கு எதற்கு மரியாதை?

மகளின் மதிப்பெண்கள் இறங்கிக்கொண்டே போயின. சின்ன வகுப்புகளில் வாயால் ஒப்பித்தபோது முதலாவதாக வந்தவள், எழுத்துப் பரீட்சை வந்ததும் தாளை வெறுமையாகக் கொடுத்தாள். ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். இவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, குருவி போய் வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"அப்பா போன துக்கம்தான் அண்ணி. சரியாயிடும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது இவள் கண்ணில் படாமலில்லை. அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் குருவியும் குழந்தையும் சேர்ந்து வெளியே போனார்கள். கேட்டால் "சும்மா, கடைக்கு" என்பார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். திரும்பி வரும்போது குழந்தையின் முகம் கழுவித் துடைத்த மாதிரி தெளிவாக இருக்கும். இவள் வேலைக்களைப்போடு வாசலில் நுழைவாள். இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள்.

"என்ன ரகசியம்?"

"ஒண்ணும் இல்லம்மா."

வீட்டில் ரேடியோவே கதியென்று கிடக்கும் மாமனாரிடம் ஒருநாள் குமுறினாள். "பாத்தீங்களா மாமா, என் பொண்ணு என்கிட்ட ஒண்ணுமில்லங்கிறா."

"என் பொண்ணு என்கிட்ட பல வருஷமா அதைத்தான் சொல்றா," என்றார் அவர். "நான் பிழைச்சுக் கிடக்கலையா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சலவைக்கூடத்தில் கொதிகலன் பழுதாகிவிட்டது. எல்லோரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், பொது நூலகத்தின் பக்கவாட்டுச் சந்தில் அந்த இரண்டு தலைகளையும் கண்டாள். காதுக்கு மேலிருந்து தொடங்கிய ஜடை துள்ளிக்கொண்டு போயிற்று. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினாள். சந்தின் முடிவில் ஒரு கதவு; அதன்மேல் 'பெற்றோர் உதவி மையம்' என்று எழுதியிருந்தது. காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"பெத்தவங்க மட்டும்தாம்மா உள்ள போகலாம். யாரைப் பாக்கணும்?"

"இப்ப ஒரு குழந்தை வந்துச்சே… ரெட்டை ஜடை…"

"ஆமா, அவங்க அம்மா கூட வந்துச்சு. சனிக்கிழமை தவறாம வருவாங்க. தங்கமான மனுசி. நீங்க யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். வியர்வையில் நனைந்த வேலைச் சட்டை, வெந்நீரில் ஊறி வெளுத்த விரல்கள்… நான்தான் அம்மா என்று சொன்னால் இந்த மனிதர் நம்புவாரா என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அந்தக் கணத்தை அவளால் பிற்பாடும் மன்னிக்க முடியவில்லை.

"தெரிஞ்சவங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அவர்கள் வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் முன்னறையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க அம்மா," என்றாள் குருவியைப் பார்த்து. "தங்கமான அம்மா, வாங்க."

குருவியின் முகம் வெளிறிப்போயிற்று. "அண்ணி… வாசல்ல அப்படிச் சொன்னாத்தான் உள்ள விடுவாங்க. அதுக்காகத்தான்…"

"உள்ள என்ன நடக்குது? என் பிள்ளை என்ன பைத்தியமா, உதவி மையத்துல கொண்டு விட? பெத்தவ ஒருத்தி உயிரோட இருக்கா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"சொல்லத்தான் நினைச்சேன். சமயம் பாத்துட்டு இருந்தேன்."

"எந்தச் சமயம்? நானும் உங்க அண்ணன் பின்னாலயே போய்ச் சேர்ற சமயமா? அவர் என்னை விட்டுப் போனாரு. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணு. அதையும் கொஞ்சம் கொஞ்சமா உன் பக்கம் இழுத்துக்கிட்டியே… நீ சம்பாதிக்கப் போ, நான் தாயா இருந்துக்கறேன்னு கணக்குப் போட்டியா?"

"அம்மா, அத்தைய திட்டாத," என்று குழந்தை அழ ஆரம்பித்து, குருவியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அந்தக் கைகள் கட்டிக்கொண்ட இடத்தைப் பார்த்தபோதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"என் புருஷன் வீட்டுல எனக்குப் போட்டியா ஒருத்தி வேண்டாம். எங்கயாவது போ."

குருவி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பையில் நாலு துணி எடுத்து வைத்துக்கொண்டு, "அடுப்புல பால் இருக்கு அண்ணி, பொங்கிடப் போகுது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டில் தங்கியிருப்பதாகப் பிறகு தெரிந்தது.

மாமனார் ரேடியோவை அணைத்தார். "இந்த வீட்டுல என்கூடப் பேச ஒருத்தி இருந்தா. இனிமே நானும் சுவரும்தான். சுவராவது குத்திப் பேசாது."

அடுத்த சனிக்கிழமை அவள் விடுப்பு சொல்லிவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்குப் போனாள். குருவி செய்வதைத் தன்னாலும் செய்ய முடியாதா என்ற வீம்புதான். வழி நெடுகப் பயிற்சி செய்து வைத்திருந்ததைக் காவல்காரரிடம் சொன்னாள்: "நான்தான் அம்மா." அவர் குழந்தையைப் பார்த்தார். குழந்தை தலையாட்டியது. விட்டுவிட்டார்.

உள்ளே அவள் நினைத்த மாதிரி எதுவும் இல்லை. குழந்தைகளுக்கான குட்டை நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சிமெண்டுக் கறை போகாத கைகளோடு ஒரு கொத்தனார், அட்டையில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி, மகனோடு சேர்ந்து ஓசை எழுப்பிக்கொண்டிருந்தார். பாடம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் எப்படி உட்காருவது என்று பெற்றவர்களுக்கும்தான் என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. மையத்து ஆசிரியை எழுந்து வந்தார்.

"நீங்கதான் அண்ணியா? உக்காருங்க. உங்க நாத்தனார் வரலையா?"

"அவ தன்னைத்தான் அம்மான்னு சொல்லியிருக்காளே."

"அது வாசல்ல. என்கிட்ட முதல் நாளே உண்மையைச் சொல்லிட்டாங்க."

அவள் கேட்டே விட்டாள். "இவ… இங்க அவளை அம்மான்னா கூப்பிட்டா?"

"ஒருநாளும் இல்ல," என்றார் ஆசிரியை. பிறகு ஒரு புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் பிரித்துக் குழந்தையின் முன் வைத்தார். "கண்ணு, முதல்ல வந்தப்ப படிச்சியே, அதே மாதிரி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

அந்தப் பக்கத்தில் இருந்தது கப்பலின் படம். மகள் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, கொஞ்சமும் தடுமாறாமல் படித்தாள்.

"தேனீக்கள் பூக்களைத் தேடி நெடுந்தூரம் பறக்கும். ஏங்க, துண்டு கதவு மேலயே கிடக்குது பாருங்க. கூட்டுக்குத் திரும்பியதும் மற்றத் தேனீக்களுக்கு வழியைச் சொல்லும். பாப்பா, தள்ளி உட்காரு, எண்ணெய் தெறிக்கும்…"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுத்துக்கு எழுத்து அவளுடைய குரல். அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் வாங்கி… பாடம் எது, பேச்சு எது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அவர் துண்டை எடுத்துக்கொள்ளாத அந்தக் காலை அப்படியே உள்ளே இருந்தது.

"எழுத்து இவ கண்ணுக்குப் பிடிபடல," என்றார் ஆசிரியை மெதுவாக. "அறிவுக்குக் குறைச்சல் இல்ல, பார்வையும் சரியா இருக்கு. கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறவங்களாச்சே, உங்க நாத்தனார் அதைத்தான் முதல்ல சோதிச்சிருக்காங்க. இவ்வளவு நாளும் உங்க குரலைக் கேட்டே தேறியிருக்கா. குரல் நின்னுச்சு, பிள்ளையும் நின்னுட்டா."

"அப்ப… நான் படிச்சுக் காட்டித்தான் கெடுத்தேனா?"

"பாத்தீங்களா? இப்படி நினைப்பீங்கன்னுதான் அவங்க சொல்லல. 'அண்ணி ஏற்கெனவே நொறுங்கியிருக்காங்க. வழி என்னன்னு நான் முதல்ல கத்துக்கறேன், அப்புறம் சொல்றேன்'னாங்க. நீங்க எதையும் கெடுக்கல. உங்க குரல்தான் பாலம். மறுபடி படிங்க. இனிமே அடுப்படியில வேண்டாம். பக்கத்துல உக்காந்து, எழுத்து மேல அவ விரலை நகர்த்திக்கிட்டே படிங்க."

மகளை வீட்டில் மாமனாரிடம் விட்டுவிட்டு, கண்ணாடிக் கடைக்கு அவள் நடந்தே போனாள். குருவி உள்பக்கம் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த அண்ணி? வெளியூர்ல புதுக் கடை திறந்து இவளைப் பொறுப்பா போடறேன்னேன். அங்க போனா சனிக்கிழமை இங்க இருக்க முடியாதாம், வேண்டாம்னுட்டா. உங்க வீட்டுச் சனிக்கிழமையில அப்படி என்னதான் இருக்கு?"

 குருவி துணியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமேடி… இப்படிப் பேசாம போயிட்டியே."

"பேசுற அளவுக்கு நான் நல்லவ இல்ல அண்ணி." குருவி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாசல்ல காவல்காரர் என்னை அம்மான்னு கூப்பிட்டப்ப… டீச்சர்கிட்ட சொன்ன மாதிரி அவர்கிட்டயும் திருத்தியிருக்கலாம். திருத்தணும்னு தோணல. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். எனக்கும் பொறாமைதான். அண்ணன் உங்க குரலைத்தான் கேட்டான். இவளும் உங்க குரலைத்தான் வச்சிருக்கா. நான் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும், 'எங்கம்மா இப்படிப் படிப்பா'ன்னு ஆரம்பிப்பா. அந்த வீட்டுல என் குரலுக்கு எங்க இடம்?"

தனக்கு மட்டும்தான் நெஞ்சு எரிந்தது என்று நினைத்திருந்தவள், அப்போதுதான் நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் ஒரே அண்ணனுக்காக, ஒரே கணவனுக்காக, இரண்டு பேரும் ஒரு கூரைக்குள் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். அவள் குருவியை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். சலவைக்கூடத்துச் சோப்பு மணத்துக்குள் முகம் புதைத்துக் குருவி விம்மினாள்.

"வீட்டுக்கு வா. உங்கப்பா சுவரோட பேசிக்கிட்டிருக்காரு. சுவர் பாவம்."

அழுகைக்கு நடுவே குருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, துடைத்து வைத்த கண்ணாடியையே மறுபடி எடுத்துத் துடைத்தார்.

சலவைக்கூடத்தில் கெஞ்சி, அவள் மத்தியான முறைக்கு மாறிக்கொண்டாள். இப்போது காலையில் குருவி அடுப்பைப் பார்த்துக்கொள்ள, அவள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். மகளின் விரல் எழுத்துக்கு எழுத்து நின்று நின்று நகர்கிறது. சில சொற்கள் நிற்கின்றன, சில நழுவிவிடுகின்றன. குழந்தை குருவியிடம்தான் தலை பின்னிக்கொள்கிறது. அது இன்னும் கொஞ்சம் சுடத்தான் செய்கிறது. ஆனாலும் ரப்பர் வளையத்தை எடுத்துக் கொடுக்கிறாள்.

சனிக்கிழமைகளில் மூவரும் சேர்ந்து போகிறார்கள். அங்கே குருவி அவளை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, எல்லோரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த கொத்தனாரும் "அண்ணி, அந்த அட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்கிறார். அவளும் திருத்தவில்லை. அந்த அறையில் இன்றைக்கும் அவளை யாரும் அந்தக் குழந்தையின் அம்மா என்று சொல்வதில்லை. அவள் பெயர் அண்ணிதான்.